பாம்பென்று அடிபடும் பல்லிகள்

சென்ற ஆண்டுத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் எங்கள் ஊர்க் கோயிலில் வழக்கம்போல் கோத்தோங் ரோயோங் நடைபெற்றது. மடைப்பள்ளிக்குப் பின்புறம், பழைய ஓடுகளும் உடைந்த பூந்தொட்டிகளும் பல மாதங்களாகக் குவிந்து கிடந்த இடத்தை இளைஞர்கள் சிலர் ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தார்கள். ஒரு தொட்டியைப் புரட்டியதும், "பாம்பு! பாம்புக் குட்டி!" என்று கூச்சல் எழுந்தது. நான் பந்தல் பக்கத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மண்வெட்டியின் பின்புறத்தால் மூன்று அடி. உடல் ஓரிடத்தில் அசையாமல் கிடந்தது. வால் மட்டும் தனியாகக் கழன்று இரண்டடி தள்ளித் துள்ளிக் கொண்டிருந்தது.

"குட்டிப் பாம்புக்குத்தான் விஷம் அதிகம், வாத்தியாரய்யா. நல்ல வேளை, பிள்ளைங்க யாரும் கை வைக்கல" என்றார் அடித்த தம்பி. அவர் முகத்தில் பெருமையைவிட நிம்மதிதான் தெரிந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அங்கே பத்துப் பதினைந்து சிறுவர்கள் வெறுங்காலோடு ஓடித் திரிந்து கொண்டிருந்தார்கள்.

என் பேரன் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தவன் கேட்டான்: "தாத்தா, பாம்புக்குக் கால் இருக்குமா?"

கால் இருந்தது. நான்கு கால்கள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவுதான். உடலோடு ஒட்டியிருந்தன. ஒரு சாண்கூட நீளமில்லாத அந்தப் பிராணி பாம்பன்று. அரணை வகையைச் சேர்ந்தது. நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் வீட்டுத் தோட்டங்களில், பூந்தொட்டிக்கு அடியிலும் சருகுக்குள்ளும் வாழும் ஒரு சிறு அரணை. முதுகு வெண்கல நிறம், வயிறு மஞ்சள், பக்கவாட்டில் கரும்புள்ளிகள்; ஆணுக்கு விலாவில் செம்மை ஓடும். அவசரமாக ஓடும்போது அது தன் குட்டைக் கால்களை நம்புவதில்லை. உடலை வளைத்து வளைத்து நெளிந்து போகும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த நேரத்தில் அது பாம்பேதான். கடித்தாலும் விஷமில்லை, அதன் வாய்க்கு நம் விரல் தோலைக் கிழிக்கும் பலம்கூடக் கிடையாது. கறையானையும் சிறு பூச்சிகளையும் தின்று வாழ்கிறது.

முப்பத்தோராண்டு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில், இந்த மலரில் இவ்வாண்டு இதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. மலர்க்குழுவினர் சமயக் கட்டுரை ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

நம் பயத்தின் வரலாறு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் பழமொழியும் அன்று. விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு பால்மரக் காட்டுக்குள் போன தலைமுறை நம் தாய்மாருடையது. பின்னர் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை வந்ததும் எலி பெருகியது. எலியைத் தேடி நாகமும் வந்தது. லயத்து வீட்டுக் குசினியில் பாம்பு புகுந்த கதை இல்லாத குடும்பம் நம்மில் மிகக் குறைவு. எனவே நெளிவதெல்லாம் பாம்பு, பாம்பெல்லாம் விஷம், விஷமெல்லாம் உடனே அடிபட வேண்டியது என்று ஒரு கணக்கு நம் கையில் ஊறிப் போயிற்று. நானே சிறுவனாக இருந்தபோது அப்படி அடித்தவைகளை எண்ணிச் சொல்ல முடியாது. அவற்றில் எத்தனை உண்மையில் பாம்பு என்று இப்போது யார் சொல்வது?

அரணைக்கு நம்மிடம் தனியாகவே ஒரு கெட்ட பெயர் உண்டு. "அரணை கடித்தால் அப்பொழுதே மரணம்" என்று பாட்டிமார் சொல்வார்கள். நக்கினாலே போதும் என்பாரும் உண்டு. அரணை எதுவும் விஷமுள்ளதன்று என்பது உயிரியலார் ஐயமின்றி அறிந்த செய்தி. அரணம், மரணம் என்று எதுகை நன்றாக அமைந்துவிட்டதால் ஒரு பிராணி காலம் காலமாக உயிரை விட்டுக் கொண்டிருக்கிறதோ என்று நான் நினைப்பதுண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைப் பாம்புராணி என்றும் அழைப்பர். பாம்பரணை என்ற சொல்தான் வாயில் புரண்டு பாம்புராணி ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் பெயரைக் கேட்பவர்களோ, இது பாம்புகளுக்கெல்லாம் அரசி போலும் என்று எண்ணி இன்னும் ஒரு அடி கூடுதலாக அடிக்கிறார்கள்.

கால் முற்றும் இல்லாதவை

குட்டைக் கால் உள்ளதே இந்தப் பாடு படுகிறதென்றால், கால் அறவே இல்லாதவற்றின் நிலை என்னவாக இருக்கும்? அப்படியும் பல்லியினங்கள் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தமிழில் இதைச் சொல்வதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பல்லி என்றால் நமக்குச் சுவரில் ஒட்டிக் கொண்டு சகுனம் சொல்லும் பல்லிதான் நினைவுக்கு வரும். ஓணான் வேறு, அரணை வேறு, உடும்பு வேறு. இவை அனைத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பொதுச்சொல் நம் பேச்சு வழக்கில் இல்லை. ஆகவே இக்கட்டுரையில் பல்லியினம் என்று நான் எழுதும் இடங்களில் இந்த முழுக் குடும்பத்தையும் சேர்த்தே கொள்க.

கால்களற்ற பல்லியினம் ஒன்று ஐரோப்பாவில் உள்ளது. ஆங்கிலத்தில் அதனை ஸ்லோ வொர்ம், அதாவது மந்தப் புழு என்கிறார்கள். அது புழுவும் அன்று. அதற்குக் குருட்டுப் புழு என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. ஆனால் அதற்குப் பளபளப்பான இரண்டு கண்கள் இருக்கின்றன! ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகள் கொப்பரையில் போடும் பொருள்களில் இதன் கொடுக்கும் ஒன்று. இதற்குக் கொடுக்கும் கிடையாது. ஒரே பிராணியின் மேல் இத்தனை பொய்களை ஏற்றிய ஆங்கிலேயர்களைப் பார்க்கும்போது, நம் பாட்டிமாரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை.

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை வகுத்துத் தந்த சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் இதற்கு அங்குயிஸ் பிராஜிலிஸ் என்று பெயரிட்டார். அங்குயிஸ் என்றால் இலத்தீனில் பாம்பு. பிராஜிலிஸ் என்றால் எளிதில் முறிவது. அவ்வளவு பெரிய அறிஞரே அதைப் பாம்புகளோடுதான் சேர்த்து வைத்தார். பிறகு வந்தவர்கள் கண்ணிமையையும் எலும்பையும் பார்த்து அதனைப் பல்லியினத்துக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் வளரும் இந்தப் பிராணி தோட்டத்து உரக்குவியலின் வெதுவெதுப்பில் தங்கி, கீரைச் செடிகளைத் தின்னும் ஓடில்லா நத்தைகளைத் தின்று வாழ்கிறது. முட்டை வெளியே இடுவதில்லை, குட்டிகளாகவே பிறக்கின்றன. டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் நகரில் வளர்க்கப்பட்ட ஒன்று 54 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. பல்லியினங்களில் இவ்வளவு நீண்ட ஆயுள் அரிது. நாம் ஒரு மண்வெட்டியைத் தூக்கும் நேரத்தில் முடிந்து போகும் உயிர், விட்டு வைத்தால் ஒரு மனிதன் பிறந்து பணி ஓய்வு பெறும் காலம் வரை வாழக்கூடியது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் இதைக் கொல்வது குற்றம்.

இதன் பெரிய உறவு ஒன்று பால்கன் நாடுகளிலிருந்து மத்திய ஆசியா வரை காணப்படுகிறது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். ரஷ்ய மொழியில் அதற்கு மஞ்சள் வயிறன் என்று பொருள்படும் பெயர். அதைப் பாம்பென்று நினைக்காமலிருக்கத் தனியான நெஞ்சுரம் வேண்டும். ஆனால் இரு பக்கத்திலும் கழுத்திலிருந்து பின்வரை நீளமாக ஒரு மடிப்புக் கோடு ஓடும். பாம்புக்கு அது கிடையாது. மலத்துவாரத்தின் அருகே உற்றுப் பார்த்தால் பின்னங்கால்கள் இருந்ததற்கு அடையாளமாக இரண்டு சிறு முனைகள் தென்படும்.

அமெரிக்காவில் இதே குடும்பத்தவற்றைக் கண்ணாடிப் பல்லி என்று அழைக்கிறார்கள். நிறத்தால் வந்த பெயரன்று. அடித்தால் கண்ணாடி போல் உடைவதால் வந்த பெயர். மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரையிலும் வால்தான். அந்த வால் முறிந்து, சில வேளை பல துண்டுகளாகவே சிதறித் துடிக்கும். இதைக் கண்ட குடியேறிகள், துண்டுபட்ட பாம்பு சூரியன் மறைவதற்குள் ஒன்று கூடினால் மீண்டும் உயிர் பெறும் என்று நம்பினார்கள். 1754இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் செய்தித்தாளில் எட்டுத் துண்டாக வெட்டப்பட்ட பாம்பின் படத்தைப் போட்டு, குடியேற்றப் பகுதிகள் ஒன்றுபடாவிட்டால் அழிவுதான் என்று எச்சரித்தார். அந்த நம்பிக்கையின் வேர் இந்தக் கண்ணாடிப் பல்லிதான் எனப் பலர் கருதுகிறார்கள். ஒரு நாட்டின் அரசியலுக்கே படம் கொடுத்த பிராணி இது.

வால் சொல்லும் சேதி

எங்கள் கோயிலில் துள்ளிய வாலுக்கு இப்போது வருவோம். அங்கிருந்தவர்களில் பலர் அதைப் பார்த்துத்தான் மேலும் அஞ்சினார்கள். "செத்தும் அடங்கல பாருங்க" என்றார் ஓர் அம்மையார். உண்மையில் அந்த வால்தான், இது பாம்பன்று என்று உரக்கச் சொல்லிக் கொண்டிருந்தது.

பல்லியினங்கள் பலவற்றில் வால் எலும்பு ஒவ்வொன்றின் நடுவிலும் இயற்கையாகவே ஒரு பிளவுக் கோடு அமைந்திருக்கிறது. எதிரி வாலைப் பற்றியதும் தசைகள் இறுகி அந்தக் கோட்டில் எலும்பு உடைகிறது. இரத்தம் அதிகம் போவதில்லை. கழன்ற துண்டு தனக்குரிய நரம்பின் தூண்டுதலால் சில நிமிடங்கள் துடிக்கும். பூனையோ பறவையோ துடிக்கும் வாலைக் கவனிக்கையில் உடையவன் தப்பிவிடுவான். பின்னர் புதிய வால் முளைக்கும்; அதற்குள் எலும்பு இராது, குருத்தெலும்புத் தண்டு ஒன்றுதான் இருக்கும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாம்புக்கோ இழந்த வால் மீண்டும் முளைப்பதில்லை.

மற்ற அடையாளங்களும் இருக்கின்றன. பாம்பு கண் சிமிட்டாது. அதன் கண்மீது கண்ணாடி போன்ற ஒரு செதில் நிலையாக மூடியிருக்கும். பாம்புக்கு வெளிக்காது இல்லை. பல்லியினங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலையின் பக்கத்தில் காதுத் துளை தெரியும். பாம்பைப் புரட்டிப் போட்டால் வயிற்றின் குறுக்கே ஒற்றை வரிசையாக அகன்ற செதில்கள் ஏணிப் படிபோல் இருக்கும். கால்களற்ற பல்லியினத்தின் வயிற்றிலோ சிறு செதில்கள் பல வரிசையாக இருக்கும். பாம்பின் நாக்கு ஆழமாகப் பிளந்தது. பாம்பின் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறம் எலும்பால் ஒட்டாமல் விரிந்து கொடுப்பதால் தன் தலையைவிடப் பெரிய இரையை அது விழுங்கும். பல்லிகளால் அது இயலாது. இன்னொன்று, பாம்பில் உடல்தான் நீளம், வால் குட்டை. புல்வெளியில் வாழும் கால்களற்ற பல்லிகளில் இது தலைகீழ்.

இங்கே நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். "கண் சிமிட்டினால் பல்லி, சிமிட்டாவிட்டால் பாம்பு" என்று எத்தனையோ ஆண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். மாணவர்களும் மனப்பாடம் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட கால்களற்ற பல்லியினங்கள் இருக்கின்றன என்றும், அவை நம் சுவர்ப் பல்லியின் நெருங்கிய உறவினர் என்றும், சுவர்ப் பல்லிபோலவே அவற்றுக்கும் அசையும் இமை கிடையாது என்றும் பிறகுதான் படித்தேன். அவை தம் கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக் கொள்கின்றன. நம் சுவர்ப் பல்லி அவ்வாறு செய்வதை இரவில் விளக்கடியில் உட்கார்ந்தால் யாரும் பார்க்கலாம். என் கரும்பலகை விதியை ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போயிருந்தால் பல்லிகளையெல்லாம் பாம்பென்று சொல்லியிருப்பார்.

அந்த ஆஸ்திரேலியக் கூட்டத்தில் பர்ட்டன் பெயரால் வழங்கும் ஒன்று மற்ற அரணைகளையே பிடித்துத் தின்னும். அதன் பற்கள் உள்நோக்கி மடங்கும் கீல் போன்றவை; அகப்பட்ட வழுவழுப்பான அரணை நழுவாது. இன்னொன்று, கருந்தலையுடையது, மிரட்டினால் தலையைத் தூக்கி நாக்கை நீட்டி, அந்நாட்டு விஷப் பாம்புக் குட்டிபோல் பாவனை செய்கிறது. பருந்தையும் பூனையையும் அந்த வேடம் ஏமாற்றும். மனிதனிடம் அதே வேடம் அதற்கு எமனாகிறது. மெல்பர்ன், கான்பரா சுற்றுவட்டாரப் புல்வெளிகளில் வாழும் கோடுபோட்ட மற்றோர் இனம், புல்வெளிகள் வீடுகளாக மாறி வருவதால் அழியும் அச்சத்தில் இருக்கிறது. அதற்காகக் கட்டுமானத் திட்டங்களில் முன்கூட்டியே ஆய்வு செய்கிறார்கள்.

நம் மலைகளிலேயே

வெளிநாட்டுக் கதை போதும். பேராக் மாநிலத்தில் தைப்பிங் நகருக்கு மேலே உள்ள லாருட் மலையை அன்பர்கள் அறிவார்கள். முன்பு மேக்ஸ்வெல் மலை என்று வழங்கியது. அந்த மலையில் கிடைத்த ஓர் அரணையைப் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தைச் சேர்ந்த பௌலெஞ்சர் 1900இல் விவரித்தார். உடல் நீண்டு, கால்கள் நான்கும் தேய்ந்து, ஐந்து விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு விரல்களே எஞ்சிய பிராணி. பின்னர் இதுபோன்ற அரணைகள் அனைத்துக்கும் சேர்த்து லாருட்டியா என்று அம்மலையின் பெயரையே வைத்துவிட்டார்கள். உலக அறிவியல் ஏடுகளில் நம் பேராக்கின் பெயர் இப்படி ஒரு புதைந்து வாழும் அரணையால் நிலைத்திருக்கிறது. 2011இல் பினாங்குக் கொடிமலையிலிருந்தும் இக்கூட்டத்தில் ஒரு தனி இனம் கண்டறியப்பட்டது. மலை உச்சி முருகன் கோயிலுக்குக் கம்பி ரயிலில் ஏறிப் போகும் நம் அடியார்கள் எத்தனை ஆயிரம் பேர்! அந்தச் சருகுக்கடியில் இப்படி ஒன்று இருப்பது நமக்குத் தெரியாமலே போய் வந்திருக்கிறோம்.

இவற்றையும் கடந்து கால்களை முழுவதும் துறந்தவை டிபாமஸ் எனப்படும் மண்ணுள் வாழும் பல்லிகள். மண்புழுவோ என்று ஐயுறும் உருவம். கண்மீது செதில் மூடியிருக்கும். காதுத் துளையும் இல்லை. ஆணுக்கு மட்டும் பின்பகுதியில் துடுப்புப் போன்ற இரு சிறு மடல்கள் உண்டு. டிபாமஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே இரு காலுடையது என்றுதான் பொருள். தியோமான் தீவில் வாழும் இனம் 2004இலும், பிரேசர் மலையில் வாழும் இனம் 2017இலும்தான் அறிவியலுக்குத் தெரிய வந்தன. நாட்டிலேயே பலர் நடமாடும் சுற்றுலாத் தலங்கள் இரண்டும்! இவற்றை ஒருவர் மண்வெட்டியால் நசுக்கினால், இன்னதென்று தெரியாமலே ஓர் அபூர்வம் மறைந்து போகும்.

இந்தியாவிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒடிசாவின் சிலிகா ஏரியில் பர்க்குடா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே மண்ணுக்குள் வாழும் கால்களற்ற அரணை ஒன்றை 1917இல் நெல்சன் அன்னண்டேல் என்பவர் விவரித்தார். அவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அந்தப் பிராணிக்கும் தீவின் பெயரே வழங்குகிறது.

கால் எங்கே போயிற்று?

"கடவுள் கொடுத்த காலை ஏன் இழக்கணும்?" என்று என் பேரன் அடுத்துக் கேட்டான். நல்ல கேள்வி. அடர்ந்த புல்லுக்குள்ளும் இறுகிய மண்ணுக்குள்ளும் கால் ஒரு தடை. ஒற்றையடிப் பாதையில் அகலமான மாட்டு வண்டியை ஓட்டுவது போன்றது. உடல் நீள நீளக் கால் குறுகிக் கொண்டே போகிறது. பல்லியினங்களில் இவ்வாறு கால் குறைவது தனித்தனியாக இருபத்தைந்து தடவைக்கு மேல் நிகழ்ந்துள்ளது என்று கணக்கிட்டுள்ளார்கள். ஆகவே ஐரோப்பியப் பிராணியும் ஆஸ்திரேலியப் பிராணியும் நம் தியோமான் பிராணியும் ஒரே குடும்பமல்ல. வெவ்வேறு வீட்டார் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தவர்கள். பாம்பும் மிகப் பழங்காலத்தில் அப்படிக் காலிழந்த ஒரு வீட்டார்தான். மலைப்பாம்பின் பின்பகுதியில் இரண்டு சிறு நகங்கள் இன்றும் அதற்குச் சாட்சி.

2016இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக் குழுவினர், கால் வளரக் கட்டளையிடும் மரபணுப் பகுதியில் பாம்பினுடையதை எடுத்து எலியின் கருவில் வைத்துப் பார்த்தார்கள். பிறந்த எலிகளுக்குக் கால்கள் மிகக் குட்டையாகிவிட்டன. பாம்பின் பகுதியில் விடுபட்டுப் போயிருந்த சில எழுத்துகளைத் திருத்தி வைத்தபோது எலிக்குக் கால் முறையாக வளர்ந்தது. ஒரு நீண்ட கட்டளையில் சில எழுத்து அழிந்தால் போதும் போலும்.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் படித்துவிட்டு, அடுத்த முறை நெளிவது எதையாவது கண்டால், "இது பல்லிதான், வாத்தியார் எழுதியிருக்கிறார்" என்று யாரும் கையில் எடுத்துவிடக் கூடாது. அது நான் எழுதியதைவிடப் பெரிய கேடாக முடியும். நம் நாட்டில் சருகுக்கடியில் வாழும் பவளப் பாம்புகள் மெலிந்து, அழகாக, சாதுவாக இருக்கும். அவற்றில் நீலப் பவளப் பாம்புக்குத் தலையும் வாலும் சிவப்பு. இன்னொன்று மிகச் சிறியது. சீண்டினால் வாலைத் திருப்பிச் சிவப்பைக் காட்டும். இரண்டும் கொடிய விஷம் உள்ளவை. தலை சிறிதாக, உடல் பளபளப்பாக இருப்பதால் இவற்றை அரணை என்று நினைப்பது எளிது. நான் மேலே சொன்ன வயிற்றுச் செதிலும் தாடையும் புத்தகத்தில் பார்ப்பதற்கும், இறந்து கிடப்பதைத் தள்ளி நின்று குச்சியால் புரட்டிப் பார்ப்பதற்கும் உரியவை.

எனவே கண்டவர் செய்ய வேண்டியது ஒன்றே. மூன்று நான்கு அடி பின்வாங்கி நின்று பிள்ளைகளை விலக்க வேண்டும். அரணையாக இருந்தால் அரை நிமிடத்தில் தானே ஓடிப் புதருக்குள் மறைந்துவிடும். போகாமல் சுருண்டு கிடந்தால், அல்லது மடைப்பள்ளி, கழிவறை போன்ற இடத்தில் புகுந்துவிட்டால், 999க்கு அழைத்துச் சொன்னால் பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்புத் துறையினரோ வந்து பிடித்துப் போவார்கள். ஒருவேளை யாரையாவது கடித்துவிட்டால், கடித்தது இன்னதென்று ஆராய்ந்து கொண்டிருக்காமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் படங்களில் நன்றாக இருக்கும். நேரில் கேடு செய்யும்.

பூந்தொட்டி மண்ணில் கருநூல் துண்டுபோல் நெளியும் இன்னொரு பிராணியையும் பலர் கேட்டார்கள். அது மெய்யாகவே பாம்பு. ஆனால் விஷமற்ற குருட்டுப் பாம்பு. எறும்பு முட்டைகளைத் தின்னும். அவை அனைத்தும் பெண், ஆணின்றியே முட்டையிடுகின்றன. தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகெங்கும் பரவிவிட்டன. காதுக்குள் புகும் என்பது வெறும் கதை.

வேதாந்தம் சொல்பவர்கள் கயிற்றில் தோன்றும் பாம்பை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். விளக்கைக் கொண்டு வந்தால் பாம்பு மறைந்து கயிறு தெரியும். எனக்கு அந்த எடுத்துக்காட்டில் எப்போதும் ஒரு சிறு மனத்தாங்கல். கயிற்றை அடித்தால் கயிற்றுக்கு வலிக்காது.

திருவிழா நல்லபடியாக நடந்தேறியது. சென்ற மாதம் மீண்டும் கோத்தோங் ரோயோங் வந்தது. அதே தம்பி முன்னதாகவே வந்து மதிலோரம் கிடந்த பழைய பலகைகளைத் தூக்கிக் கொண்டிருந்தார். ஒரு பலகையைப் புரட்டியவர் சட்டென்று கையை எடுத்து, நான்கடி பின்னால் வந்து நின்றார். பக்கத்திலிருந்தவர் பாராங்கை எடுத்தார்.

"அண்ணே, பொறுங்க" என்றார் தம்பி. "கால் இருக்கான்னு பாத்துக்குவோம்."

நான் வந்து பார்ப்பதற்குள் அது மதில் ஓட்டைக்குள் போய்விட்டிருந்தது. காலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"சரியாத் தெரியல, வாத்தியாரய்யா. ஓடின ஓட்டத்துல எங்க பாக்கிறது? போவட்டும்" என்று அடுத்த பலகைக்குப் போனார், இந்த முறை கையால் அல்ல, நீளமான கம்பு ஒன்றால் அதைப் புரட்டினார்.